பிலோமினாவுக்கு இடம் இல்லை

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
23-11-1964

என் அன்பு மகன் காஸ்பருக்கு அம்மா மரியசெல்வம் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் ஆண்டவர் கிருபையால் சுகம், என் முழங்கால் வலியையும் நைனாவின் முன்கோபத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால் பூரண சுகம். நீயும் மருமகள் விக்டோரியாவும் என் கண்ணு பிலோமினாவும் அந்த பிலாய் ஊரின் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்லித்தான் முடிக்கிறேன். உன் கடுதாசி போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது. விக்டோரியா முழுகாமல் இருக்கிறாள், ஐந்து மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். ஐந்து மாதம் பெற்றவளிடம் மூடி வைத்திருந்தாயே, நல்ல பிள்ளையடா நீ. படித்ததும் சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைனா கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டே கடைத்தெரு வரைக்கும் போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். தாய் இல்லாத பெண், அவளுக்குப் பிரசவம் நான்தான் பார்க்க வேண்டும், பொங்கலுக்கு முன்னாலேயே அவளையும் குழந்தையையும் கொண்டுவந்து விட்டுவிடு என்று நானே எழுத இருந்தேன், நீயே எழுதிவிட்டாய்.

இங்கே மழை பரவாயில்லை. ராஜகிரி மலைக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வருவதும் நாலு தூறல் போட்டுவிட்டு ஏமாற்றுவதுமாக இருந்தது, போன வாரம்தான் நன்றாகப் பெய்தது. நம் மேட்டு நிலத்தில் மல்லாட்டை, விக்டோரியா பாஷையில் வேர்க்கடலை, பிடுங்கியாகிவிட்டது, காய் பிடிப்பு சுமார்தான், ஆனாலும் எலி தின்றது போக மிச்சம் இருக்கிறது. லட்சுமி, அதுதான் நம் சிவப்புப் பசு, கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கிறிஸ்தவன் வீட்டுப் பசுவுக்கு லட்சுமி என்று பெயர் வைத்திருப்பதைப் பங்குச் சாமியார் இன்னும் கிண்டல் செய்கிறார். அவர் பம்பாயில் நடக்கிற நற்கருணை மாநாட்டுக்குப் போகிறார், ஊரே அதைத்தான் பேசுகிறது. அரிசி விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. சரி, ஊர்க்கதை பேசிக்கொண்டே நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். என் வயிற்றில் பிறந்தவன்தானே. பிலோமினா அங்கே கம்பெனிக்காரர்கள் நடத்துகிற நர்சரிக்குப் போகிறாள், இங்கே வந்தால் பழக்கம் விட்டுப்போகும், உங்கள் மாதர் சங்கத்துப் பாலவாடியில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து வை, நீதானே தலைவி என்று எழுதியிருந்தாய். ராசா, நேராகச் சொல்லிவிடுகிறேன். பிலோமினாவுக்கு இடம் இல்லை. இருந்த ஒரே இடத்தையும் நான்தான் வேறு பிள்ளைக்குக் கொடுத்தேன். கடுதாசியைக் கசக்கிப் போடாமல் மீதியையும் படி.

அந்தப் பாலவாடி நீ பிலாய்க்குப் போன பிறகு வந்தது, அதனால் உனக்கு அதன் கதை தெரியாது. கோயிலுக்குப் பக்கத்தில் நம் வீட்டுக்கு எதிரே பழைய மல்லாட்டைக் கிடங்கு ஒன்று பூட்டியே கிடந்ததல்லவா, அதைத்தான் வெள்ளையடித்துப் பாலவாடி ஆக்கியிருக்கிறோம். டீச்சர் சம்பளம், பால் பவுடர், உப்புமாவுக்குக் கோதுமை ரவை, விளையாட்டுச் சாமான் எல்லாம் பஞ்சாயத்து யூனியன் மானியம். இடம் கொடுப்பதும் மேற்பார்வை பார்ப்பதும் எங்கள் சங்கத்தின் பொறுப்பு. மூன்று வயது முதல் ஐந்து வயது வரை முப்பது பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. இந்த வருஷம் ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை காலையில் டீச்சர் மீனம்பாள் மேசை போட்டு உட்கார்ந்தாள், முந்தி வருகிறவர்களுக்கு இடம் என்று தமுக்கு அடித்துச் சொன்னோம், மத்தியானத்துக்குள் முப்பதும் எழுதியாகிவிட்டது. யார் யார் என்கிறாய்? ரைஸ் மில்காரர் சம்சாரம் ஆண்டாள் அம்மாளின் பேரன், கம்பவுண்டர் பிள்ளைகள், கிளார்க்குகள் பிள்ளைகள், கடைத்தெருப் பிள்ளைகள். பத்து மணிக்குப் பவுடர் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டு வரும், பால் குடிக்கும், பாட்டுப் பாடும், பன்னிரண்டரைக்கு யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கோட்டைப் பக்கம் காலனியிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. அவங்களுக்கு அக்கறை இல்ல என்று எங்கள் சங்கத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் மறுத்துப் பேசவில்லை.

இந்தக் கோடையில் யூனியனிலிருந்து முக்கிய சேவிகா, பாலவாடிகளை மேற்பார்வை பார்க்கிற அதிகாரி, பார்வையிட வந்தாள். சின்னப் பெண்தான், சைக்கிளில் வருகிறாள். எல்லாம் பார்த்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகள் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். உடனே சங்கத்தைக் கூட்டினோம். அங்கே நாங்கள் எடுத்த தீர்மானத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். அந்தப் பிள்ளைகள் குளிக்காததால் வெட்கப்பட்டு வராமல் இருக்கின்றன, ஆகவே வீட்டுக்கு ஒரு சோப்புக் கொடுப்போம் என்றாள் ஆண்டாள் அம்மாள். எல்லோரும் கைதட்டினார்கள். சித்திரை மாதம், காலனிக் கிணற்றில் குடிக்கவே தண்ணீர் இல்லை, அங்கே போய் வாசனைச் சோப்பை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை அனுப்புங்கள் என்று ஒரு பிரசங்கமும் செய்துவிட்டு வந்தார்கள். முழங்கால் வலியால் நான் போகவில்லை, போயிருந்தால் நானும் பிரசங்கம் செய்திருப்பேன். பிள்ளைகள் வரவில்லை. சோப்பை மட்டும் பெட்டியில் வைத்துக் கல்யாணத்துக்கு மொய்யாகக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆண்டாள் அம்மாளுக்குத் தாங்காத ஆத்திரம்.

போன மாதம் ஒருநாள் நானே காலனிக்குப் போனேன். நல்ல வெயில் ஏறின நேரம். வீடெல்லாம் சாத்திக் கிடக்கிறது, பெரியவர்கள் ஒருவரும் இல்லை. ஒரு வேப்ப மரத்தடியில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நிற்கிறாள். தம்பி என்றால் கைக்குழந்தை இல்லை, மூன்று வயதுத் தடியன், கால் அவள் முட்டி வரைக்கும் தொங்குகிறது. பெயர் கேட்டேன், பவுனு என்றாள், நம் நிலத்துக்கும் மல்லாட்டை பிடுங்க வருகிறாளே அம்மாக்கண்ணு, அவள் மகள். ஏன்டி, அவன்தான் நடப்பானே, எறக்கி உடு என்றேன். எறக்கி உட்டா கெணத்தாண்ட ஓடுவான், போன வருசம் பக்கத்து வூட்டுப் புள்ள உழுந்துட்ச்சி என்று சொல்லிவிட்டு அவனை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, உனக்குத் தெரியுமே. பள்ளிக்கூடம் போகவில்லையா என்றேன். ஒண்ணாங் கிளாஸ் போனேன், தம்பி பொறந்ததும் நின்னுட்டேன் என்றாள். சாயந்திரம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், நைனா என்னைத் தேடிக்கொண்டு ஊரையே கலக்கிவிட்டார்.

அம்மாக்கண்ணு விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தாள். அவளிடம் நம் சங்கத்துக்கே உரிய தோரணையில், பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. யம்மா, நீங்க பேரு எழுதுன அன்னிக்கு நாங்க மேல்சித்தாமூர்ல களையெடுத்துனு இருந்தோம், பொழுது சாஞ்சி வந்து கேட்டா எடம் ரொம்பிட்ச்சின்னாங்க, அப்புறம் ஒருநாள் வந்து சோப்பு குடுக்கறாங்க, எடம் குடுக்காம சோப்பு குடுத்தா நான் அத்த வச்சிக்கினு இன்னா பண்றது, கோழி கூவ சொல்ல நாங்க வேலைக்குப் போறோம், பத்து மணிக்குத் தொறந்து பன்னெண்டரைக்கு மூடுனா அந்தப் பள்ளிக்கொடம் யாருக்கு என்று பொரிந்து தள்ளிவிட்டாள். பேசி முடித்த பிறகு பயந்துபோய், கோச்சிக்காதீங்கம்மா என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அக்கறை இல்லாதவர்களாமே! கேட்டு வந்து, இல்லையென்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள் அவர்கள்.

அதன் பிறகு எங்கள் சங்கத்தில் நடந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் கேட்டது இரண்டு. பாலவாடி பொழுது விடிந்ததும் திறக்க வேண்டும், வேலைக்குப் போனவர்கள் திரும்புகிற வரைக்கும் இருக்க வேண்டும். இரண்டாவது, பெயரைச் சாயந்திரத்தில் புதிதாக எழுத வேண்டும், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் இடம், ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தால் இடம். ஆண்டாள் அம்மாள் எழுந்துவிட்டாள். முந்தி வந்தவங்களுக்கு எடம், அதுல இன்னா ஓரவஞ்சனையக் கண்டீங்க, நாங்களும் வரி கட்டறோம், யூனியன் மானியம் எங்க பணமும்தான் என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாக்கண்ணுவும் ஒரு தீப்பெட்டி வாங்கும்போது வரி கட்டுகிறாள், அவளுக்கு ரசீது தருகிறவர்தான் யாரும் இல்லை என்றேன். இன்னொருத்தி, ரெண்டு வேளையாப் பிரிச்சிடலாம், விடியற்காலைல அந்தப் புள்ளைங்க, பத்து மணிக்கு நம்ம புள்ளைங்க என்று நல்லவள் போலச் சொன்னாள். அது இன்னும் மோசம் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அப்படியானால் நடுவில் ஒரு சுவரும் கட்டிவிடலாமே என்று கத்திவிட்டேன். பாவம் மீனம்பாள், கைக்குழந்தைக்காரி, விடிந்ததும் அவளால் வர முடியாது. பத்து மணி வரைக்கும் சங்கத்தவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது, மத்தியானத்துக்கு மேல் காலனியிலேயே ஒரு பெண்ணை ஆயாவாக வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு ஆயிற்று. கடைசியில் கை தூக்கச் சொன்னபோது பாதிக்குமேல் என் பக்கம் தூக்கினார்கள், நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆண்டாள் அம்மாள் கிளம்பும்போது வாசலில் நின்று, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே மரியசெல்வம்மா, நாளைக்கு உங்க வூட்டுப் புள்ளைன்னு வந்தா அப்ப பாக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். என் வீட்டில் ஏது சின்னப் பிள்ளை என்று நான் தைரியமாகச் சிரித்தேன். இது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை உன் கடுதாசி வருகிறது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பெயர் எழுதினோம். காலனிக்காரர்கள், மாடு மேய்க்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் எல்லோரும் வந்தார்கள், ஆள் இல்லாத வீடுகள் கணக்குத் தீர்ந்த பிறகும் சில இடங்கள் மிஞ்சின, அவற்றைப் பழைய பிள்ளைகளுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தோம், ஆண்டாள் அம்மாளின் பேரனுக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஓர் இடத்தை நான் எழுத விடாமல் வைத்திருந்தேன். அது அம்மாக்கண்ணுவின் மகன் செல்லப்பனுக்கு. அவளோ வரவில்லை. தளவானூரில் மல்லாட்டை பிடுங்கப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய் அங்கேயே தங்கியிருக்கிறாள், எப்போது வருவாளோ தெரியாது என்றார்கள். மீனம்பாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா, அவங்கதான் வரலியே, உங்க பேத்தி பேர எழுதிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். தபால் வந்த செய்தி நைனா புண்ணியத்தில் ஊருக்கே தெரியுமே. ஆண்டாள் அம்மாள் தூணோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன் காஸ்பர், என் பேத்தி அந்த வரிசையில் உட்கார்ந்து பால் குடிப்பதும் பாட்டுப் பாடுவதும் என் கண்ணுக்கு முன்னால் நன்றாகத் தெரிந்தது. எழுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே கதைதானே மறுபடியும்? அவள் வேலைக்குப் போன நேரத்தில் நாம் பெயரை எழுதிக்கொள்வது. அவள் வரட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நைனா சாமி வந்தது போல ஆடினார். தலைவின்னு பேரு, சொந்தப் பேத்திக்கு ஒரு எடம் வாங்கத் துப்பு இல்ல, புள்ள அவ்ளோ தூரத்துலேர்ந்து ஒண்ணே ஒண்ணு கேட்டான், இவ ஊர் நாயம் பேசறா என்று இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. எனக்கும் வருத்தம்தான், நீ எதையும் கேட்கிற பிள்ளையில்லை என்று எனக்குத் தெரியாதா. புதன்கிழமை இருட்டுகிற நேரத்தில் அம்மாக்கண்ணு தளவானூரிலிருந்து நேராக நம் வாசலுக்கே வந்துவிட்டாள், யாரோ வழியில் சொல்லியிருக்கிறார்கள். பையனை வாசலில் நிறுத்திவிட்டு, எடம் இருக்குதாம்மா என்று கேட்டாள், முன்னே பொரிந்து தள்ளினவள் அன்றைக்குக் குரலே எழும்பாமல் கேட்டாள். இருக்குது என்றேன். உள்ளே நைனா இருமிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நீ எழுதியிருந்தாய், அரசாங்கப் பணம் எல்லாருக்கும் பொதுதானே அம்மா, என் பிள்ளைக்கும் உரிமை உண்டுதானே என்று. உண்டுதான் ராசா. நான் இதையே யோசித்துக்கொண்டு இருக்கிறேன். நியாய விலைக் கடையில் சர்க்கரை எல்லோருக்கும் பொது, ஆனால் பகல் பதினோரு மணிக்கு வந்து வரிசையில் நிற்க முடிகிறவளுக்குத்தான் கிடைக்கிறது, நிற்க முடியாதவள் வெறும் காப்பித்தண்ணி குடிக்கிறாள். கதவைத் திறந்து வைத்துவிட்டோம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், திறக்கிற நேரத்தை மட்டும் நமக்குத் தோதாக வைத்துக்கொள்கிறோம். எல்லோருக்கும் இடம் கொடுக்க மானியம் போதாது. முப்பதை அறுபதாக்கச் சொல்லி யூனியனுக்கு மனு எழுதியிருக்கிறேன், முக்கிய சேவிகாவும் மேலே எழுதுகிறேன் என்றிருக்கிறாள். அதுவரைக்கும் இருக்கிற முப்பதில் யாரைச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது என்று யாரோ ஒருத்தி சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது, அந்த ஒருத்தியாக நான் மாட்டிக்கொண்டேன். சரியாகத்தான் செய்தேன் என்று புத்தி சொல்கிறது, மனசு பிலோமினாவை நினைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறது. இரண்டையும் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

போன வியாழக்கிழமையிலிருந்து பாலவாடி விடிந்ததும் திறக்கிறது. எதிர்வீடு என்பதால் சாவி நம் வீட்டில்தான். முதல்நாள் என் முழங்கால் மடங்கவில்லை, நைனா முணுமுணுத்துக்கொண்டே போய்த் திறந்துவிட்டு வந்தார். மறுநாளும் அவரே போனார். மூன்றாம் நாள் திரும்பி வரவே காணோம், எட்டிப் பார்க்கிறேன், நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மல்லாட்டை உடைத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிறார், நம் வீட்டு விதைக்காய்! செல்லப்பன் அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டார். நான் உன்னிடம் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆண்டாள் அம்மாளும் நேற்றுக் கோயில் பக்கத்தில் என்னைப் பார்த்து, உங்க பேத்திக்கும் இல்லன்னுட்டீங்களாமே என்றாள். தன் முறைக்கு வருகிற வியாழக்கிழமை விடியற்காலையில் வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பவுனுவை வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். காலையில் தம்பியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நம் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள், நான் கோலமாவு டப்பாவை வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். கையில் சிலேட்டு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே நடக்கிறாள் காஸ்பர், அந்தத் தடியன் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது போல. அது நிமிர எத்தனை நாளாகுமோ தெரியவில்லை.

என்மேல் கோபம் இருந்தால் இரண்டு பக்கத்துக்குத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். அதற்காக விக்டோரியாவையும் குழந்தையையும் அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதே, எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான். பிலோமினாவுக்குப் பாலவாடியில் இடம் இல்லை, ஆனால் அவளைப் பகல் முழுக்கத் தூக்கி வைத்துக்கொள்ள இந்த வீட்டில் நான் இருக்கிறேன், நைனா இருக்கிறார். செல்லப்பனுக்குப் பவுனுவை விட்டால் யார் இருந்தார்கள்?

விக்டோரியாவைத் தண்ணீர் வாளி தூக்க விடாதே, கீரை நிறையச் சாப்பிடச் சொல். புறப்படுவதற்கு முன்னால் தந்தி கொடு, நைனா திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். மாதாவின் துணையும் எங்கள் ஆசீர்வாதமும் உங்கள் மூவரோடும், பிறக்கப் போகிற பிள்ளையோடும் எப்போதும் இருக்கட்டும். என் கண்ணு பிலோமினாவுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்த்துத் தபால்காரர் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும்
உன் அம்மா,
அ. மரியசெல்வம்

நைனா பார்த்துவிட்டு இதையும் எழுதச் சொல்கிறார்: குழந்தை மல்லாட்டை தின்னுவாளா என்று கேட்டு எழுத வேண்டுமாம், அவள் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம்.